அடிக்க வந்தவன் பாஸ்போர்ட்டைப் பார்க்கவில்லை: ஆசியர் மீதான வெறுப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஆசியர்களுக்கு எதிரான இனவெறி பற்றித் தமிழர்கள் கூடும் இடங்களில் பேச்சு எழுந்தால், பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சில கேள்விகள் அக்கறையில் பிறந்தவை. சில பயத்தில். சில, "நமக்கெதுக்கு வம்பு" என்று நாம் சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்த பேச்சின் தொடர்ச்சி. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் பார்த்திருக்கிறேன். அங்கே வாழும் தமிழர்களை நினைத்து எழுதியது என்றாலும், பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஊரில் இருக்கும் பெற்றோருக்கும் இதில் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு.

ஆசியர் என்றால் சீனர், கொரியர், ஜப்பானியர்தானே? இந்தியர்களும் ஈழத்தமிழர்களும் இதில் எங்கே வருகிறோம்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியரும் இலங்கையரும் ஆசியர் என்ற பிரிவில்தான் வருகிறார்கள். ஆனால் அதை விடுங்கள். வெறுப்போடு வருபவன் என்ன கணக்கு வைத்திருந்தான் என்று பாருங்கள்.

1907 செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் ஊரில், மர ஆலைகளில் வேலை செய்த இந்தியர்களை ஒரு வெள்ளையர் கும்பல் இரவில் புகுந்து அடித்து விரட்டியது. பெரும்பாலோர் சீக்கியர்கள். சில நாட்களில் அந்த ஊரில் ஓர் இந்தியர்கூட மிஞ்சவில்லை. 1917இல் வந்த குடியேற்றச் சட்டம் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியை ஒரே கோட்டுக்குள் போட்டுக் கதவைச் சாத்தியது. முதல் உலகப்போரில் அமெரிக்க ராணுவச் சீருடை அணிந்த பகத் சிங் திண்ட் குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். அவர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை கிடையாது என்று 1923இல் தீர்ப்பு வந்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது.

பழைய கதை என்று தோன்றுகிறதா? 1987இல் நியூஜெர்சியின் ஜெர்சி சிட்டியில், நெற்றியில் பொட்டு வைத்தவர்களைக் குறிவைத்தே ஒரு கும்பல் உருவானது. ஊரைவிட்டு இந்தியர்களைத் துரத்துவோம் என்று பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார்கள். அந்தச் சூழலில் ஹோபோகனில் அடித்துக் கொல்லப்பட்ட நவ்ரோஸ் மோடி ஒரு பார்சி. அவர் பொட்டு வைக்கிற வழக்கமே இல்லாதவர். அந்தச் சாவுக்குக் கொலைக் குற்றத்தில் யாரும் தண்டிக்கப்படவில்லை. இன்று ஜெர்சி சிட்டியிலும் எடிசனிலும் நாம் சாவகாசமாகத் தோசை சாப்பிடும் தெருக்களுக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது என்பது நம்மில் பலருக்கே தெரியாது.

2001 செப்டம்பர் 15 அன்று, இரட்டைக் கோபுரத் தாக்குதல் நடந்து நான்கே நாளில், அரிசோனாவின் மேசா நகரில் தன் பெட்ரோல் நிலையத்தின் முன்னால் சுட்டுக் கொல்லப்பட்டார் பல்பீர் சிங் சோதி. தலைப்பாகையைப் பார்த்து அரபு முஸ்லிம் என்று நினைத்துச் சுட்டான். 2012இல் விஸ்கான்சினின் ஓக் கிரீக் குருத்வாராவுக்குள் புகுந்த ஒரு வெள்ளை இனவாதி ஆறு பேரைக் கொன்றான். படுகாயமடைந்த ஒருவர் 2020இல் இறந்தார். 2017 பிப்ரவரியில் கன்சாஸின் ஓலாத்தேயில், வேலை முடிந்து நண்பரோடு உட்கார்ந்திருந்த பொறியாளர் ஸ்ரீநிவாஸ் குச்சிபோட்லாவை "என் நாட்டைவிட்டு வெளியே போ" என்று கத்திச் சுட்டான் ஒருவன். ஈரானியர்களைச் சுட்டுவிட்டதாகப் பிறகு சொல்லியிருக்கிறான். இவர்களில் யாரிடமும் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

இது கோவிட் வந்த பிறகு ஆரம்பித்ததுதானே?

இல்லை. ஏறத்தாழ 170 ஆண்டுகளாக ஒரே மாதிரியாகத்தான் நடக்கிறது. வேலை போகும், அல்லது போர் வரும், அல்லது நோய் வரும். உடனே கை நீளும், ஆசிய முகத்தை நோக்கி.

வெள்ளையருக்கு எதிராகச் சீனர் சாட்சி சொல்ல முடியாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1854இல் தீர்ப்பளித்தது. கண்ணெதிரே கொலை நடந்தாலும் பார்த்த சீனரின் பேச்சு எடுபடாது என்ற நிலை. 1871இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரே இரவில் குறைந்தது 18 சீனர்களைக் கும்பல் கொன்றது. தண்டனை பெற்ற சிலரும் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். 1882இல் சீனத் தொழிலாளர்கள் நாட்டுக்குள் வருவதற்கே தடை. அது முழுதாக நீங்க 1943 ஆனது, அப்போதும் ஆண்டுக்கு 105 பேர் என்ற கணக்கில்தான் கதவு திறந்தது. 1885இல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸில் 28 சீனச் சுரங்கத் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள்.

நோய்க்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 1900இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிளேக் பயம் வந்தபோது சைனா டவுனைச் சுற்றிக் கயிறு கட்டி அடைத்தார்கள். அதே எல்லைக்குள் இருந்த வெள்ளையர் கட்டடங்களை மட்டும் விலக்கிவிட்டு எல்லை வளைந்து போனது. கிருமிக்கு நிறம் தெரியும் என்பதுபோல.

போருக்கு உதாரணம் 1942. ஜப்பானோடு போர் என்பதற்காக, ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை அமெரிக்க அரசு முகாம்களில் அடைத்தது. மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். 1988இல் அரசு முறைப்படி மன்னிப்புக் கேட்டு, உயிரோடு இருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் கொடுத்தது. வீடும் நிலமும் கடையும் போனவர்களுக்கு அது ஈடாகாது.

கோவிட் காலத்தில் என்னதான் நடந்தது?

வைரஸுக்கு நாட்டின் ஜனாதிபதியே சீனாவின் பெயரை வைத்து அழைத்தார். 2020 மார்ச்சில், ஆசிய அமெரிக்க அமைப்புகள் சிலவும் சான் ஃபிரான்சிஸ்கோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆசிய அமெரிக்க ஆய்வுத் துறையும் சேர்ந்து 'ஸ்டாப் ஏஏபிஐ ஹேட்' (ஆசிய அமெரிக்கர், பசிபிக் தீவினர் மீதான வெறுப்பை நிறுத்து) என்ற பதிவு மையத்தைத் தொடங்கின. இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 11,500 சம்பவங்கள் அங்கே பதிவாயின. அடி, குத்து மட்டுமல்ல. எச்சில் துப்புவது, பேருந்தில் எழுந்து தள்ளிப் போவது, கடையில் பொருள் கொடுக்க மறுப்பது, தெருவில் திட்டுவது. பெரும்பகுதி வாய்ச்சொல் வசவுகள்தான். புகார் சொன்னவர்களில் பெண்களே அதிகம்.

2021 ஜனவரியில், சான் ஃபிரான்சிஸ்கோவில் காலை நடைக்குப் போன 84 வயது தாய்லாந்து முதியவரை ஓடிவந்து தள்ளிவிட்டான் ஓர் இளைஞன். இரண்டு நாளில் அவர் இறந்துபோனார். அந்தக் காணொளியைப் பார்த்த பிறகு நம் வீடுகளிலும் அப்பா அம்மாவைத் தனியாக நடக்கப் போக வேண்டாம் என்று சொன்னவர்கள் ஏராளம். ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் பெற்றோருக்கு அந்தக் காலை நடை ஒன்றுதான் சுதந்திரம். அதையும் பறித்தது அந்தப் பயம்.

2021 மார்ச் 16 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவிலும் அதன் புறநகரிலும் மூன்று மசாஜ் நிலையங்களில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். அதன் பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. மே 20 அன்று கோவிட் வெறுப்புக் குற்றச் சட்டத்தில் பைடன் கையெழுத்திட்டார். செனட்டில் அதற்கு ஆதரவு 94, எதிர்ப்பு 1.

அட்லாண்டாவில் சுட்டவன், இனம் காரணமல்ல என்று சொன்னானாமே?

காம அடிமைத்தனம்தான் காரணம் என்றான். ஒரு காவல் அதிகாரி பத்திரிகையாளர்கள் முன்னால், அவனுக்கு அன்று 'மோசமான நாள்' என்பதுபோலப் பேசினார். எட்டுக் குடும்பங்கள் பிணங்களுக்காகக் காத்திருந்த நேரத்தில்.

ஆசியப் பெண் என்றாலே ஆசை காட்டுபவள், விலைக்குக் கிடைப்பவள் என்ற எண்ணம் அமெரிக்காவில் நேற்று முளைத்தது அல்ல. 1875இல் வந்த பேஜ் சட்டம், பாலியல் தொழிலைத் தடுப்பதாகச் சொல்லிக்கொண்டு சீனப் பெண்கள் வருவதையே கிட்டத்தட்ட நிறுத்தியது. ஆசிய ஆண்களைத் தடுக்கும் சட்டத்துக்கு ஏழு ஆண்டு முன்பே, ஆசியப் பெண்ணின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கும் சட்டம் வந்துவிட்டது. அப்படியிருக்க, ஆசியப் பெண்கள் வேலை செய்யும் இடங்களாகத் தேடித்தேடிப் போய்ச் சுட்டதில் எது காமம், எது இனம் என்று எப்படிப் பிரிப்பது?

சட்டமும் இரண்டாகப் பிரிந்துதான் பார்த்தது. செரோக்கி கவுன்ட்டியில் நான்கு கொலைகளை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை வாங்கினான். அங்கே வழக்கு நடத்தியவர்கள் இனவெறுப்புக்கு ஆதாரமில்லை என்றார்கள். ஃபுல்டன் கவுன்ட்டியிலோ மீதி நான்கு கொலைகளை வெறுப்புக் குற்றமாகவே கொண்டுபோனார்கள்.

ஃபுல்டனில் கையில் எடுத்த அந்த மாநில வெறுப்புக் குற்றச் சட்டம் ஜார்ஜியாவுக்கு எப்படி வந்தது தெரியுமா? 2020 பிப்ரவரியில் ஓடிக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர் அகமத் ஆர்பெரியை வெள்ளையர்கள் துரத்திச் சுட்டுக் கொன்றார்கள். அதை எதிர்த்து மக்கள் கொதித்தெழுந்த பிறகே, அப்போது அப்படியொரு சட்டம் இல்லாமல் இருந்த ஜார்ஜியா அந்த ஜூனில் அதை இயற்றியது. ஆசியப் பெண்களுக்காக வாதாட அரசு வழக்கறிஞர் கையில் எடுத்த சட்டம், ஒரு கறுப்பினத் தாயின் இழப்பிலிருந்து வந்தது.

வின்சென்ட் சின் என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, யார் அவர்?

ஆசிய அமெரிக்கர்கள் ஒன்றுசேரக் காரணமாக இருந்த பெயர். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1982இல் டெட்ராய்ட் கார் ஆலைகள் ஆயிரக்கணக்கில் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தன. எல்லாப் பழியும் ஜப்பானியக் கார்கள் மேல். ஜூன் 19 இரவு, 27 வயது வின்சென்ட் சின் தன் திருமணத்துக்கு முன் நண்பர்களோடு கொண்டாடப் போயிருந்தார். அவர் சீன வம்சாவளி, ஜப்பானியர்கூட அல்லர். அங்கே கிரைஸ்லர் ஆலை மேற்பார்வையாளர் ஒருவரோடும் வேலை இழந்திருந்த அவரது வளர்ப்பு மகனோடும் வாய்த்தகராறு. உங்களால்தான் எங்களுக்கு வேலை போனது என்று அவர்கள் சொன்னதைக் கேட்ட சாட்சி உண்டு. வெளியே வந்த பிறகும் தேடிப்பிடித்து, ஒருவர் பிடித்துக்கொள்ள மற்றவர் பேஸ்பால் மட்டையால் தலையில் அடித்தார். நான்கு நாள் கழித்து உயிர் போனது. கல்யாணத்துக்கு வரவேண்டியவர்கள் இறுதிச் சடங்குக்கு வந்தார்கள்.

கொலை செய்தவர்களுக்கு என்ன தண்டனை? மூன்று ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, ஆளுக்கு 3,000 டாலர் அபராதம். ஒரு நாள்கூடச் சிறை இல்லை. இவர்கள் சிறைக்கு அனுப்பத் தக்க ஆட்கள் அல்ல என்றார் நீதிபதி.

தாய் லில்லி சின் அழுதுகொண்டே மேடை மேடையாக ஏறினார். அதுவரை தனித்தனியாக இருந்த சீனர், ஜப்பானியர், கொரியர், ஃபிலிப்பினோக்கள் சேர்ந்து 'அமெரிக்கன் சிட்டிசன்ஸ் ஃபார் ஜஸ்டிஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அந்த நாடுகளுக்கு இடையே எத்தனை பழைய காயங்கள் இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். ஜப்பான் சீனாவிலும் கொரியாவிலும் செய்ததை நேரில் அனுபவித்த தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது. இருந்தும் கைகோத்தார்கள். ஜெஸ்ஸி ஜாக்சன் போன்ற கறுப்பினத் தலைவர்களும் லில்லிக்குத் துணையாக வந்து நின்றார்கள்.

மத்திய அரசு குடிமை உரிமை மீறல் வழக்குத் தொடர்ந்தது. 1984இல் மட்டையால் அடித்தவருக்கு 25 ஆண்டு தண்டனை. மேல்முறையீட்டில் அது ரத்தானது. 1987இல் மறுவிசாரணையில் விடுதலை. நீதி கிடைக்கவில்லை. ஆனால், ஆசியர் கொல்லப்பட்டால் குடிமை உரிமைச் சட்டம் பேசுமா என்ற கேள்விக்கு, பேச வேண்டும் என்ற பதிலை அந்த வழக்கு நாட்டின் முன் வைத்தது. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு வழக்கும் அந்தப் பதிலின் மேல்தான் நிற்கிறது.

சீன அரசை விமர்சிக்கவே கூடாதா? நமக்கு எல்லைப் பிரச்சினை வேறு இருக்கிறதே.

தாராளமாக விமர்சியுங்கள். கல்வான் எல்லை மோதலுக்கோ, உய்குர் முஸ்லிம்கள் மீதான ஒடுக்குமுறைக்கோ, திபெத்துக்கோ பதில் சொல்ல வேண்டியது பெய்ஜிங். பக்கத்துக் கடையில் டோஃபு விற்கும் அம்மா அல்ல. ஒரு சிலர் செய்ததற்காக ஓர் இனத்தையே பொறுப்பாக்கினால் என்ன நடக்கும் என்று, 1983 ஜூலையில் கொழும்பில் இருந்த தமிழருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இது தெருச்சண்டையோடு நிற்பதும் இல்லை. 2018இல் அமெரிக்க நீதித்துறை 'சைனா இனிஷியேட்டிவ்' என்ற பெயரில் உளவு வேட்டை தொடங்கியது. எம்ஐடி பேராசிரியர் கேங் சென் கைதானார். ஓராண்டுக்குப் பின் வழக்கே கைவிடப்பட்டது. 2022இல் அந்தத் திட்டமும் மூடப்பட்டது. 2023இல் ஃபுளோரிடா, சீனக் குடிமக்கள் நிலம் வாங்கக் கட்டுப்பாடு விதித்தது. 1913இல் கலிஃபோர்னியா ஜப்பானியருக்கு விதித்த நிலத்தடை நினைவுக்கு வராமல் இருக்காது.

தாக்கியவர்களில் கறுப்பினத்தவரும் இருந்தார்களே. அவர்களோடு எப்படிக் கைகோப்பது?

இருந்தார்கள். மறைக்க வேண்டியதில்லை. வெள்ளையரும் இருந்தார்கள், மனநோய்க்குச் சிகிச்சை கிடைக்காமல் தெருவில் விடப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் நம் வாட்ஸாப் குழுக்களில் சுற்றியது ஒரு நிறத்தின் காணொளிகள் மட்டுமே. அதை யோசிக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் ஒரு கணக்கு உண்டு. 1991இல் லாஸ் ஏஞ்சல்ஸில், கொரியர் ஒருவரின் கடையில் ஆரஞ்சு ஜூஸ் வாங்கப் போன 15 வயது கறுப்பினச் சிறுமி லட்டாஷா ஹார்லின்ஸைத் திருடி என்று நினைத்துக் கடைக்காரப் பெண் பின்தலையில் சுட்டார். காசு அந்தக் குழந்தையின் கையிலேயே இருந்தது. தண்டனை, கண்காணிப்பும் 500 டாலர் அபராதமும் சமூக சேவையும். சிறை இல்லை. வின்சென்ட் சின்னுக்குக் கிடைத்த அதே நீதி. அடுத்த ஆண்டு அதே ஊரில் வெடித்த கலவரத்தில் கொரியர் கடைகள் இரண்டாயிரத்துக்கும் மேல் எரிந்தன, சூறையாடப்பட்டன. போலீஸ் எங்கேயோ பணக்காரப் பகுதிகளைக் காத்துக்கொண்டிருந்தது. லட்டாஷா இறந்த தேதி மார்ச் 16. சரியாக முப்பது ஆண்டு கழித்து அதே தேதியில் அட்லாண்டா. இரண்டுக்கும் சேர்த்து அழத் தெரியாவிட்டால், எந்தப் பக்கத்துக்கும் நாம் துணையில்லை.

நம் வீட்டுப் பேச்சையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கறுப்பினத்தவரைக் குறிக்கத் தமிழிலேயே ஒரு கேவலமான சொல்லை வைத்துக்கொண்டு, அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் பேசுகிறோம். பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியும்.

நமக்காக வேறு இனத்தவர் யாராவது நின்றிருக்கிறார்களா?

நின்றிருக்கிறார்கள், நாம் அந்த நாட்டில் கால் வைப்பதற்கு முன்பிருந்தே. அடிமையாகப் பிறந்து விடுதலைக்காகப் போராடிய ஃபிரெடெரிக் டக்ளஸ் 1869இல் பாஸ்டனில் பேசும்போது, சீனர் வரட்டும், குடியுரிமையும் வாக்குரிமையும் பெறட்டும் என்று வாதாடினார். அவரது சொந்த மக்களுக்கே வாக்குரிமை உறுதியாகாத காலம் அது.

1946 முதல் இந்தியாவுக்கு இருந்த இடம் ஆண்டுக்கு 100. அந்தச் சுவரை உடைத்தது 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்கள் நாய்க்கடியும் தடியடியும் வாங்கி நடத்திய குடிமை உரிமை இயக்கம் அலையாக எழாமல் அது வந்திருக்காது. ஐஐடியிலிருந்தும் கிண்டியிலிருந்தும் போன மாமா, அவரைப் பின்பற்றிப் போன நாம், எல்லோரும் அந்த வாசல் வழியாக வந்தவர்கள்தான். நம் உழைப்பு உண்மை. வாசலைத் திறந்தது வேறொருவர் ரத்தம் என்பதும் உண்மை.

2001இல் முஸ்லிம்களும் சீக்கியர்களும் விமானங்களிலிருந்து இறக்கிவிடப்பட்டபோது, அப்படிச் செய்யக் கூடாது என்று விமான நிறுவனங்களை எச்சரித்தவர் போக்குவரத்து அமைச்சர் நார்மன் மினெட்டா. ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்த அந்த அமெரிக்க முகாமுக்குப் பத்து வயதில் குடும்பத்தோடு அனுப்பப்பட்டவர்.

ஓலாத்தேயில் குச்சிபோட்லாவைச் சுட்டவனைப் பிடிக்க எழுந்து ஓடியவர் இயன் கிரில்லட், 24 வயது வெள்ளை இளைஞர். குண்டு அவர் கையையும் நெஞ்சையும் துளைத்தது, பிழைத்தார். ஹூஸ்டன் இந்தியர்கள் வீடு வாங்க அவருக்கு ஒரு லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள்.

நாம் படித்தவர்கள், வரி கட்டுகிறோம், யார் வம்புக்கும் போவதில்லை. நம்மை மதிக்கிறார்களே?

அந்த மதிப்புக்குக் காலக்கெடு உண்டு. 'முன்மாதிரிச் சிறுபான்மை' என்ற பட்டம் 1960களில் முதலில் ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு வழங்கப்பட்டது. இருபது ஆண்டு முன்னால் முகாமில் அடைத்த அதே மக்களுக்கு. பாருங்கள், இவர்கள் புகார் சொல்லாமல் முன்னேறவில்லையா என்று கறுப்பினத்தவரைக் குத்தத்தான் அது பயன்பட்டது.

2024 டிசம்பரில், சென்னையில் பிறந்த ஸ்ரீராம் கிருஷ்ணன் வெள்ளை மாளிகையின் செயற்கை நுண்ணறிவு ஆலோசகராக அறிவிக்கப்பட்டார். எச்1பி வேலை விசா விவாதம் என்று தொடங்கிய பேச்சு, சில நாட்களில் இந்தியர்களின் உடல், உணவு, வாடை, சாமி என்று இறங்கிப்போனது. படிப்பும் பதவியும் அவரைக் காக்கவில்லை. இந்தியர் என்ற காரணமே போதுமாக இருந்தது.

ரயிலிலோ கடையிலோ என் கண்முன்னால் யாரையாவது இப்படிப் பேசினால் என்ன செய்வது? எனக்கு அடி விழுமே.

சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. 'ரைட் டு பி' என்ற அமைப்பு, ஆசிய அமெரிக்க நீதி அமைப்புகளோடு சேர்ந்து இதற்கு இலவசமாக இணைய வழிப் பயிற்சி தருகிறது. அதன் சாரம் எளிது. தாக்குபவனைப் பார்க்காமல், தாக்கப்படுபவரைப் பாருங்கள். "இந்த ரயில் அந்த ஸ்டேஷனில் நிற்குமா?" என்று தெரிந்தவர்போல அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாலே பல நேரங்களில் சூடு தணிந்துவிடும். முடியாவிட்டால் நடத்துநரையோ கடைக்காரரையோ கூப்பிடுங்கள். வேறு யாரோ ஏற்கெனவே உதவிக்குப் போய்விட்டால், தள்ளி நின்று படமெடுங்கள். எடுத்ததைப் பாதிக்கப்பட்டவரிடம் கொடுங்கள், அவர் சொல்லாமல் எங்கேயும் போடாதீர்கள். நேராகத் தட்டிக்கேட்பது உங்கள் பாதுகாப்பு உறுதி என்றால் மட்டும்.

எதுவும் செய்ய முடியாமல் உறைந்து நின்றுவிட்டீர்களா? எல்லாம் முடிந்த பிறகு அவரிடம் போய் "நான் பார்த்தேன். உங்களோடு கொஞ்சம் நடந்து வரட்டுமா?" என்று கேளுங்கள். திட்டியவனைவிட, சுற்றி நின்று பார்த்த இருபது பேரின் மௌனம்தான் பல நாள் தூங்கவிடவில்லை என்று பாதிக்கப்பட்டவர்கள் சொல்வதுண்டு.

எனக்கே நடந்தால்? விசாவில் இருக்கிறேன், போலீசுக்குப் போனால் சிக்கலாகாதா?

புகார் கொடுத்ததற்காக விசா போகும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. மத்திய வெறுப்புக் குற்றச் சட்டம் காக்கும் 'எந்த ஒரு நபரும்' என்பதில் நீங்களும் அடக்கம். உடனடி ஆபத்து என்றால் 911. ஆங்கிலம் வராத பெற்றோர், 'தமிழ்' என்ற ஒரு சொல்லைச் சொன்னாலே பல ஊர்களில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். இதை அவர்களுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். பிறகு எஃப்பிஐயின் இணையதளத்திலும் புகார் பதியலாம். கடும் தாக்குதல் போன்ற சில குற்றங்களில் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவுபவர்களுக்கென்றே யு விசா என்று ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு 10,000தான், வரிசை மிக நீளம். ஆவணங்கள் சரியில்லாதவர்கள் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள்.

என்ன சொன்னான், எந்த இடம், எத்தனை மணி, யார் பார்த்தார்கள் என்பதை அன்றே எழுதிவையுங்கள். அவன் சொன்ன கெட்ட வார்த்தையை நாகரிகம் கருதி மாற்றி எழுதாதீர்கள். வெறுப்பு என்று நிரூபிக்க அந்த வார்த்தைதான் ஆதாரம்.

வெறுமனே திட்டினால் அது குற்றமா?

பெரும்பாலும் இல்லை. பேச்சுரிமைக்குள் அடங்கிவிடும். மிரட்டினாலோ, தொட்டாலோ, பொருளை உடைத்தாலோ குற்றம். இருந்தாலும் திட்டையும் 'ஸ்டாப் ஏஏபிஐ ஹேட்' போன்ற இடங்களில் பதியுங்கள். எந்தத் தெரு, எந்த ரயில் தடம் என்று தெரிந்தால்தான் எங்கே பாதுகாப்புக்கு ஆள் நிறுத்த வேண்டும் என்று கேட்க முடியும்.

பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது?

"கண்டுக்காதே, படிப்பைப் பாரு" என்று சொல்லாதீர்கள். அடுத்த முறை நடந்ததை உங்களிடம் சொல்லவே மாட்டார்கள். முதலில் கேளுங்கள். சாப்பாட்டு டப்பாவை யாராவது கிண்டல் செய்கிறார்களா, பெயரைத் திரிக்கிறார்களா, கண்ணை இழுத்துக் காட்டி ஒரு சீனக் குழந்தையைக் கேலி செய்ததைப் பார்த்தாயா, அப்போது நீ சிரித்தாயா. கடைசிக் கேள்வி முக்கியம்.

பள்ளிப் பாடத்திலும் இது வரவேண்டும். இலினாய் மாநிலம் 2021இல், ஆசிய அமெரிக்க வரலாற்றைப் பள்ளியில் கட்டாயமாக்கிச் சட்டமியற்றியது. நாட்டில் அதுதான் முதல். நியூஜெர்சி அடுத்து வந்தது. உங்கள் மாநிலத்தில் இல்லையென்றால், பள்ளி வாரியக் கூட்டத்தில் பெற்றோர் எழுந்து பேச நேரம் ஒதுக்குகிறார்கள். பத்துத் தமிழ்ப் பெற்றோர் ஒன்றாகப் போய்ப் பேசினால் தட்ட முடியாது.

ஊரில் இருக்கும் நாங்கள் என்ன செய்ய முடியும்? இது அமெரிக்கப் பிரச்சினை.

2020 மார்ச்சில், வடகிழக்கு மாநிலத்தவரை 'கொரோனா' என்று கேலி செய்வதையும் தாக்குவதையும் தடுக்கச் சொல்லி இந்திய உள்துறை அமைச்சகமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுத வேண்டிவந்தது. அதே முகம், அதே வசவு. 2012 ஆகஸ்டில் ஒரு வதந்தியால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆயிரக்கணக்கான வடகிழக்கு இளைஞர்கள் ரயிலேறி ஓடினார்கள். 2014இல் அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ டானியா டெல்லியில் கேலிக்கு எதிர்ப்புத் தெரிவித்ததற்காக அடிபட்டு இறந்தார். சென்னை உணவகத்தில் பரிமாறும் மணிப்பூர்ப் பெண்ணை எந்த நாடு என்று கேட்பதை நிறுத்துவதும், வாடகைக்கு வீடு கேட்டு வருபவரை முகத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பாமல் இருப்பதும் உங்கள் ஊரிலேயே உங்களால் முடியும்.

எங்கள் தமிழ்ச் சங்கம் கண்டன அறிக்கை வெளியிட்டது. வேறென்ன?

அறிக்கை நல்லது. ஆனால் இந்தியர் யாராவது அடிபட்டால் மட்டும் அறிக்கை வருகிறதா என்று பழைய கோப்பைப் புரட்டிப் பாருங்கள். அட்லாண்டாவுக்கு வந்ததா?

அறிக்கைக்கு மேல் செய்ய நிறைய இருக்கிறது. பொங்கல் விழாவுக்கு ஆள் திரளும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேலே சொன்ன பயிற்சியை நடத்துங்கள். மூத்தவர்களுக்குத் தமிழில் தனியாக. அருகிலுள்ள சீன, கொரிய, வியட்நாமியச் சங்கத்தின் தலைவர் யார், குருத்வாராவில் யாரிடம் பேசுவது, பள்ளிவாசலில் யார், கறுப்பினத் தேவாலயத்தில் யார் என்று தொலைபேசி எண்களை இன்றே வாங்கிவையுங்கள். ஏதாவது நடந்த பிறகு தேடினால் யாருக்கும் யாரையும் தெரியாது. தீபாவளிக்கு அவர்களைக் கூப்பிடுங்கள். சந்திரப் புத்தாண்டுக்கு அவர்கள் கூப்பிடும்போது நான்கு பேராவது போங்கள். வழக்கறிஞர்களான உறுப்பினர்கள் மாதம் ஒரு மாலை இலவச ஆலோசனைக்கு ஒப்புக்கொள்வார்களா என்று கேளுங்கள். உங்கள் கவுன்ட்டியில் வெறுப்புக் குற்ற வழக்கு விசாரணைக்கு வந்தால், கொல்லப்பட்டவர் எந்த இனமானாலும், நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். வின்சென்ட் சின் வழக்கில் தண்டனை அறிவித்த அன்று அரசு வழக்கறிஞர்கூட நீதிமன்றத்துக்கு வரவில்லை. லில்லி சின்னுக்கு அந்தத் தேதியைச் சொல்லவே இல்லை. காலியாக இருந்த அந்த அறையில்தான் நீதிபதி 3,000 டாலர் என்று சொன்னார்.